பாதி எரிமலைக்கு ஒரு பயணத் திட்டம்

அன்று பினக்கிள்ஸ் போக வண்டியில் பெட்ரோல் இருந்தால் போதும். இன்று வௌவால் குட்டி ஈனும் மாதம் எது, வல்லூறு கூடு கட்டும் பாறை எது, இரண்டு வாசல்களில் எந்த வாசல், காலை எத்தனை மணிக்கு வண்டி நிறுத்த இடம் தீர்ந்துபோகும் என்றெல்லாம் தெரிந்துகொண்டுதான் கிளம்ப முடியும். பாறைகள் அதே பாறைகள்தான். கலிபோர்னியாவில், சான் ஹோசேயிலிருந்து தெற்கே சுமார் 80 மைல் தள்ளி, கபிலான் மலைத்தொடரின் தென்பகுதியில், பழைய எரிமலை ஒன்றின் மிச்சமாக அவை நிற்கின்றன. அங்கே போவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து பேசுகிற பேச்சுதான் முழுவதும் மாறிவிட்டது. பயணத்தைவிட அந்தப் பேச்சைப் பற்றித்தான் எனக்குச் சொல்வதற்கு நிறைய இருக்கிறது.

90களின் தொடக்கத்தில் சான் ஹோசேயில் ஒரே அபார்ட்மென்ட் வளாகத்தில் நாங்கள் நாலைந்து தமிழ்க் குடும்பங்கள். எல்லாருக்கும் கல்யாணம் புதுசு, வேலை புதுசு, ஊர் புதுசு. வெள்ளிக்கிழமை ராத்திரி யார் வீட்டிலாவது சாப்பாடு நடக்கும். கை கழுவும்போது "நாளைக்கு எங்க?" என்று ஒருவர் கேட்பார். யோசெமிட்டிக்கு ஒரே நாளில் போய்த் திரும்புவது கஷ்டம். கடற்கரைக்குப் போன வாரம்தான் போயிருப்போம். எங்களோடு இருந்த கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், வேலையிடத்தில் யாரோ சொன்னதாக, "ஹாலிஸ்டருக்கு அந்தப் பக்கம் பாறை, குகையெல்லாம் இருக்குதாமுங்க. கூட்டமே இருக்காதுன்னாங்க" என்றார்.

திட்டம் அவ்வளவுதான். ட்ரிபிள் ஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் உறுப்பினர்களுக்குச் சும்மா தரும் காகித வரைபடத்தைத் தரையில் விரித்தோம். 25ஆம் எண் சாலையை ஒருவர் விரலால் தடவிக் காட்டினார். ராத்திரியே புளிக்காய்ச்சல் தயாராகிவிட்டது. காலையில் புளியோதரையை அலுமினியத் தாளில் பொட்டலம் பொட்டலமாக மடித்து, சமையலறையில் கிடந்த டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு இரண்டு காரில் கிளம்பினோம். நவம்பர் மாதம். மலைகள் காய்ந்து வைக்கோல் நிறத்தில் கிடந்தன. வாசலில் சில டாலர் வாங்கிக்கொண்டு ஒரு தாளில் அச்சடித்த வரைபடம் கொடுத்தார்கள். பேர் கல்ச் என்று அவர்கள் சொல்லும் கரடிப் பள்ளத்தில் வண்டியை நிறுத்தினோம். இடம் தேட வேண்டியிருக்கவில்லை.

அந்தக் குகையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சுண்ணாம்புக்கல் கரைந்து உண்டான குகை இல்லை அது. குறுகலான, ஆழமான ஒரு பிளவு. அதன் இரு பக்கங்களிலிருந்தும் பெரும்பெரும் பாறைகள் கழன்று விழுந்து, அடிவரை போகாமல் நடுவில் சிக்கி நின்றுவிட்டன. அப்படிச் சிக்கிய பாறைகள்தான் கூரை. அடியில் ஓடை. குனிந்து, பக்கவாட்டில் திரும்பி, ஓர் இடத்தில் கையை ஊன்றித்தான் போக முடியும். டார்ச்சை அணைத்தால் பக்கத்தில் நிற்பவர் தெரியமாட்டார். திடீரென்று மேலே ஒரு சந்தில் வானம் தெரியும், மறுபடி இருட்டு. குகையைக் கடந்து படியேறினால் ஒரு சின்ன நீர்த்தேக்கம். 1930களின் பெரு மந்தத்தில் வேலையில்லாமல் இருந்த இளைஞர்களைச் சேர்த்து அமெரிக்க அரசு அமைத்த சிசிசி என்ற படையின் வேலை அந்த அணை. குகைப் பாதையும், உச்சிப் பாறைகளில் காலை வைக்கச் செதுக்கிய குழிகளும், இரும்புக் கைப்பிடிகளும் அவர்கள் காலத்தவை. 90 ஆண்டுகளாகப் போகிறவர்கள் எல்லாரும் அந்த இளைஞர்கள் செதுக்கிய குழிகளில்தான் கால் வைக்கிறார்கள்.

திரும்பும் வழியில் இன்னொரு பாதையின் தொடக்கத்தில் "காண்டோர் பள்ளம்" என்று பொருள்படும் பலகை நின்றது. காண்டோர் என்பது வட அமெரிக்காவின் மிகப் பெரிய கழுகு. சிறகை விரித்தால் ஒன்பதரை அடி. என் மனைவி அங்கிருந்த ரேஞ்சரிடம், "காண்டோரை எங்கே பார்க்கலாம்?" என்று கேட்டாள். "இங்கே கிடையாது. மிருகக்காட்சி சாலையில்தான் வளர்க்கிறார்கள்" என்றார் அவர். அன்று அது முழு உண்மை. 1982இல் உலகம் முழுவதும் எண்ணினால் 22 கலிபோர்னியா காண்டோர்கள்தாம் மிஞ்சியிருந்தன. 1987 ஏப்ரலில், காட்டில் கடைசியாகப் பறந்துகொண்டிருந்த ஏசி 9 என்ற பறவையையும் வலைபோட்டுப் பிடித்துவிட்டார்கள். மொத்தம் 27 பறவைகள், எல்லாம் கூண்டில். காட்டில் விட்டால் செத்துப்போகும், பிடித்து வைத்தாவது இனத்தைக் காப்பாற்றுவோம் என்று எடுத்த முடிவு அது. அதை எதிர்த்தவர்களும் உண்டு. ஆக, நாங்கள் போனபோது எல்லாக் கதவும் திறந்திருந்தது. குகை, பாதை, பாறை எதற்கும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. வானத்தில் மட்டும் ஆள் இல்லை.

அந்தப் பயணத்தின் புகைப்படங்களைப் பாளையங்கோட்டைக்குத் தபாலில் அனுப்பினேன். அம்மா பதில் எழுதினார்: "கல்லு நல்லா இருக்கு. நம்ம ஊர்ல இல்லாத கல்லா? உடம்பைப் பாத்துக்கோ." அம்மாவுக்கு அப்போது நான் விளக்கி எழுதவில்லை. இந்த வருஷம் என் அக்காவிடமும் அத்தானிடமும் நேரிலேயே விளக்க முடிந்தது.

அக்காவும் அத்தானும் ஏப்ரல் கடைசியில் வந்திறங்கினார்கள். அத்தான் முப்பது சொச்சம் வருஷம் பள்ளிக்கூடத்தில் புவியியல் சொல்லிக்கொடுத்தவர். வந்த மறுநாளே, "மாப்ளே, டிஸ்னிலேண்டெல்லாம் எனக்கு வேண்டாம். ஏதாவது எரிமலை காட்டு" என்றார். ஹவாய்க்கும் லாசன் எரிமலைக்கும் இந்த முறை நேரமில்லை. பினக்கிள்ஸ் என்றேன். என் மகள் மடிக்கணினியைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். திட்டமிடும் பொறுப்பு இப்போது அவளுடையது.

"எரிமலைன்னா வாய் இருக்கணும்லா? வாய் எங்க?" என்று அத்தான் படங்களைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

வாய் இல்லை. அங்கே போகிறவர்களுக்கு இதை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் குழம்பு வழிகிற பள்ளத்தைத் தேடி ஏமாந்துபோவார்கள். ஏறக்குறைய 2 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன், லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே இன்று நீனாக் என்று அழைக்கப்படும் இடத்தருகே அந்த எரிமலை பொங்கியது. ரையோலைட் என்ற வகைக் குழம்பு. கெட்டியாக, மெல்ல ஓடுவது. வெடித்துச் சிதறிய துண்டுகளும் சாம்பலும் ஒன்றோடொன்று இறுகிப் பாறையாயின. பிறகு சான் ஆண்ட்ரியாஸ் பிளவு அந்த எரிமலையைக் குறுக்கே வெட்டியது. பிளவுக்குக் கிழக்கே வட அமெரிக்கத் தட்டு, மேற்கே பசிபிக் தட்டு. மேற்கே இருந்த பகுதி பசிபிக் தட்டோடு சேர்ந்து வடமேற்காக நகர்ந்துகொண்டே வந்து, சுமார் 195 மைல் தள்ளி இங்கே நிற்கிறது. மீதி அங்கேயே நீனாக்கில் கிடக்கிறது. இரண்டும் ஒரே எரிமலையின் துண்டுகள் என்பதை வின்சென்ட் மாத்யூஸ் என்ற நிலவியலாளர் பாறை அடுக்குகளை ஒப்பிட்டு 1976இல் விரிவாக எழுதினார். சான் ஆண்ட்ரியாஸின் இரு பக்கங்களும் எவ்வளவு தூரம் விலகியிருக்கின்றன என்று அளப்பதற்கு இன்றுவரை சுட்டிக்காட்டப்படும் சான்றுகளில் இது ஒன்று.

அத்தான் எழுந்து நின்றுவிட்டார். "தட்டு நகருதுன்னு போர்டுல கோடு போட்டுக் காட்டியிருக்கேன், மாப்ளே. பையங்க நம்பமாட்டானுங்க. சென்னையில இருந்து திருச்சி தூரத்துக்கு ஒரு மலையே நகந்து போயிருக்குங்கியே!"

"இப்பவும் நகருது மாமா" என்றாள் மகள். ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர். அதைக் கண்ணால் பார்க்க வழியுண்டு. போகும் பாதையில் இருக்கும் ஹாலிஸ்டர் ஊருக்குள் கலவெராஸ் என்ற கிளைப் பிளவு ஓடுகிறது. நில நடுக்கம் இல்லாமலேயே அது ஊர்ந்துகொண்டிருப்பதால் சில தெருக்களில் நடைபாதை ஓரக் கல்லும் தோட்டத்துச் சுவரும் நேர்கோடு விலகி வளைந்திருக்கும். 90களில் அந்த ஊரில் பெட்ரோல் மட்டும் போட்டோம். இந்த முறை அத்தானுக்காக அங்கே அரை மணி நேரம் ஒதுக்கியாயிற்று.

அம்மாவின் கேள்விக்கும் அன்றே பதில் சொன்னேன். பினக்கிள்ஸும் தூரத்திலிருந்து செஞ்சிக் கோட்டைப் பாறைகளைப் போலத்தான் தெரியும். செஞ்சிப் பாறை, எரிமலையிலிருந்து வெளியே வந்து ஆறியதல்ல. பூமிக்குள்ளேயே ஆறி இறுகிய கருங்கல். வயதும் 200 கோடி ஆண்டுக்கு மேல். அதன் முன்னால் பினக்கிள்ஸ் நேற்றுப் பிறந்த குழந்தை. அக்கா, "அப்ப நம்ம கல்லுதான் மூத்தது" என்று திருப்தியாகத் தலையசைத்தாள்.

திட்டம் என்பது முதலில் தேதி. அக்காவுக்கு மே மாதக் கடைசியில் வரும் நீண்ட வார இறுதியில், எல்லாருக்கும் விடுமுறை இருக்கும்போது போகலாம் என்று ஆசை. மகள் ஒரேயடியாக மறுத்துவிட்டாள்.

"அத்தை, மே நடுவுல இருந்து ஜூலை நடு வரைக்கும் கரடிப் பள்ளத்துக் குகைய முழுசா மூடிருவாங்க. வௌவால் குட்டி போடுற நேரம்."

"வௌவாலுக்காகவா மூடுவாங்க?" அக்கா நம்பாமல் என்னைப் பார்த்தாள்.

வௌவாலுக்காகத்தான். டவுன்செண்ட் பெருங்காது வௌவால். காது மட்டும் உடம்பில் பாதி நீளம் இருக்கும். தாய்கள் கூட்டமாகச் சேர்ந்து அந்தக் குகையின் கூரையில் தொங்கியபடி குட்டி வளர்க்கின்றன. ஒரு தாய்க்கு ஆண்டுக்கு ஒரே குட்டி. சான் பிரான்சிஸ்கோவுக்கும் மெக்சிகோவுக்கும் நடுவே இந்த வௌவால்கள் குட்டி வளர்க்கும் இடங்களில் இதுதான் மிகப் பெரியது என்கிறது பூங்கா நிர்வாகம். வெளிச்சமும் பேச்சுச் சத்தமும் பட்டால் அவை இடத்தையே கைவிட்டுப் போய்விடக்கூடும். அதனால் குகைக்குள் இரும்புக் கம்பிக் கதவு வைத்திருக்கிறார்கள். வௌவால் நுழையும், ஆள் நுழைய முடியாது. ஜூலை நடுவிலிருந்து அடுத்த மே நடுவரை பெரும்பாலும் கீழ்ப்பாதி மட்டும் திறந்திருக்கும். மேல்பாதி மார்ச்சிலும் அக்டோபரிலும், வௌவால்கள் இல்லாவிட்டால், சில நாள் திறக்கும். நானும் என் மனைவியும் அன்று முழுக் குகையையும் கடந்தோம். என் மகளுக்கு அந்த வாய்ப்பு அபூர்வமாகத்தான் கிடைக்கும். இதை அவளிடம் சொன்னபோது, "பரவாயில்லப்பா, அதுங்க வீடுதானே" என்றாள். அவள் சொன்னதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு குகையின் பாதியைப் பார்க்காமல் திரும்புவது நமக்கு ஒரு நாள் நஷ்டம். கூட்டம் கலைந்தால் அந்த இனத்துக்கு ஒரு தலைமுறை நஷ்டம்.

அப்படியே ஒவ்வொன்றாக வந்தது. ஜனவரியிலிருந்து கோடைவரை வல்லூறுகள் கூடு கட்டும் பாறைகளில் ஏறவோ, பாதையை விட்டு விலகி அந்தப் பக்கம் போகவோ வேண்டாம் என்று அறிவிப்பு. ஜூனுக்குப் பிறகு வெயில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும். நிழல் குறைவு, பாதையில் தண்ணீர் கிடையாது. மார்ச், ஏப்ரல், மே பூக்காலம். சின்னப் பூங்காவாக இருந்தும் இங்கே 400க்கும் மேற்பட்ட தேனீ வகைகள் கணக்கெடுக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பூக்காலத்தில்தான் சான் பிரான்சிஸ்கோ சுற்றுவட்டாரமான பே ஏரியா முழுவதும் திரண்டு வரும். வார இறுதியில் கரடிப் பள்ளத்து நிறுத்துமிடம் காலையிலேயே நிரம்பி, வாசலில் வரிசை நீண்டுவிடும். கூடாரம் போட்டுத் தங்க மாதக்கணக்கில் முன்பதிவு செய்ய வேண்டும். வண்டிக்கு நுழைவுக் கட்டணம் 30 டாலர். 7 நாள் செல்லும்.

பிறகு வாசல். பினக்கிள்ஸுக்குக் கிழக்கே ஒரு வாசல், மேற்கே ஒரு வாசல். இரண்டும் 146 என்ற ஒரே எண்ணுள்ள சாலைகள்தாம். ஆனால் நடுவில் மலை நிற்கிறது, சாலை இணைவதில்லை. மேற்கு வாசலுக்கு சொலிடாட் ஊர் வழி, கிழக்குக்கு ஹாலிஸ்டர் வழி. தவறான பக்கம் போய்ச் சேர்ந்தால் மலையைச் சுற்றி வர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். மலைக்கு நடுவே ரோடு போடாமல் விட்டதைப் பலர் குறையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது நல்ல முடிவாகவே படுகிறது. நடந்து போகிறவன் இரண்டு பக்கத்தையும் சில மணி நேரத்தில் தொட்டுவிடலாம். வண்டியில் போகிறவன்தான் சுற்ற வேண்டும். மேற்கே பாறைகள் வாசலிலிருந்தே செங்குத்தாகத் தெரியும், கூட்டமும் குறைவு. ஆனால் அங்கே இரவில் கதவைப் பூட்டிவிடுவார்கள். எங்களுக்கு வேண்டியது மாலைப் பொழுது. அதனால் கிழக்கு.

மாலைப் பொழுது எதற்கு என்றால் காண்டோருக்கு. அது திரும்பி வந்துவிட்டது.

இந்தப் பேச்சு வந்தபோது அத்தான் கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார். சான் டியேகோ, லாஸ் ஏஞ்சலஸ் மிருகக்காட்சி சாலைகளில், காண்டோர் தலை போலச் செய்த பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டு குஞ்சுகளுக்கு இரை ஊட்டினார்கள். மனித முகம் பழகிவிட்டால் காட்டில் பிழைக்காது என்பதால் அப்படி. 1992இல் முதல் பறவைகளைத் திறந்து விட்டார்கள். பினக்கிள்ஸில் விடத் தொடங்கியது 2003இல். பூங்காவில் கூடு கட்டி முட்டையிட்டது 2010இல். நூறு ஆண்டுக்கு மேலாக அங்கே நடக்காதது. காண்டோர் வழக்கமாக இரண்டு ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும், குஞ்சு இனப்பெருக்கத்துக்கு வர ஆறேழு ஆண்டாகும். இவ்வளவு மெதுவான பறவை இன்று 500ஐத் தாண்டியிருக்கிறது. பாதிக்கு மேல் வெளியே பறக்கின்றன. எண் அட்டையோடும் ரேடியோவோடும். ஆண்டுதோறும் பிடித்து ரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் சிகிச்சை கொடுத்துவிட்டு மறுபடி பறக்க விடுகிறார்கள்.

ஈயம்தான் இன்னும் அதன் எமன். வேட்டைக்காரர் சுட்ட மான், பன்றியின் குடலை அங்கேயே போட்டுவிட்டுப் போவார். ஈயத் தோட்டா உள்ளே நூறு துணுக்காகச் சிதறியிருக்கும். காண்டோர் அதைத் தின்னும். ஈயம் அதன் இரைப்பையை முடக்கிவிடும். வயிறு நிறைய இரை இருந்தும் பறவை பட்டினியில் சாகும். கலிபோர்னியா 2013இல் சட்டம் போட்டு, 2019 ஜூலை முதல் மாநிலம் முழுவதும் வேட்டையில் ஈயத் தோட்டாவைத் தடை செய்திருக்கிறது. ஆனாலும் ஈயச் சாவு நிற்கவில்லை.

அத்தான் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "திருக்கழுக்குன்றத்துல நான் பார்த்திருக்கேன்" என்றார். அக்காவும் கூடப் போயிருந்தாளாம், கல்யாணமான புதிதில். உச்சிவேளையில் மலை மேல் பாறையில் சர்க்கரைப் பொங்கலை வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். இரண்டு மஞ்சள்முகப் பாறுகள் வந்து இறங்கித் தின்றுவிட்டுப் போகும். தலைமுறை தலைமுறையாக நடந்தது அது. 90களில் வருவது நின்றுவிட்டது. "காசிக்குப் போயிருச்சு, கலி முத்திருச்சுன்னாங்க. பொங்கல வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்களாம், வரவே இல்ல."

இந்தியாவில் பாறுக் கழுகுகள் கோடிக்கணக்கில் மடிந்ததற்குக் காரணம் மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து என்று 2004இல் கண்டுபிடித்தார்கள்; அந்த மருந்து ஏறிய மாட்டின் பிணத்தைத் தின்ற பறவையின் சிறுநீரகம் செயலிழந்துவிடும். 2006இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. தமிழ்நாட்டில் இன்று முதுமலையை ஒட்டிய மோயாறு பள்ளத்தாக்கில் அவை மிச்சமிருக்கின்றன.

"அங்க ஊசி, இங்க குண்டு" என்றார் அத்தான். "ரெண்டு ஊர்லயும் பொணத்தத் தின்னு ஊரைச் சுத்தம் பண்ணுற சாதி. ரெண்டு ஊர்லயும் நாமதான் விஷம் வச்சிருக்கோம்."

எனக்கு அந்த நவம்பர்ச் சனிக்கிழமை ஞாபகம் வந்தது. எந்தத் தடையும் இல்லாத அந்த நாளை நண்பர்கள் இன்றும் ஏக்கத்தோடு பேசுவார்கள். "அப்பல்லாம் சும்மா போய்ட்டு வருவோம்ங்க" என்பார் அந்தக் கோயம்புத்தூர்க்காரர். நானும் ரசித்த நாள்தான். ஆனால் அது ஆள் இல்லாத வீட்டுக்குள் சுதந்திரமாகப் போய் வந்தது. இப்போது வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வசதி கேட்டுப் போகிறோம். இந்தக் கேள்விகள், மூடிய கதவுகள், விடியற்காலைப் புறப்பாடு எதுவும் எனக்குப் பாரமாக இல்லை. அதிகாரிகளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றுகிறது. மிச்சிகனிலிருந்து வந்து அங்கே குடியேறி, கண்டவரையெல்லாம் குகைக்குள் அழைத்துப் போய்க் காட்டி, இதைக் காப்பாற்றுங்கள் என்று விடாமல் கேட்டவர் ஸ்கைலர் ஹெயின் என்ற விவசாயி. அவர் போன்றவர்களின் முயற்சியால்தான் 1908 ஜனவரி 16 அன்று ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார். தேசியப் பூங்கா என்ற தகுதி 105 ஆண்டு கழித்து, 2013 ஜனவரி 10 அன்று ஒபாமாவின் கையெழுத்தில் வந்தது. கரடிப் பள்ளத்தில் கரடி இல்லை. கலிபோர்னியாவின் கொடியில் நிற்கும் கிரிஸ்லி கரடி 1920களிலேயே மாநிலத்தைவிட்டுப் போய்விட்டது, இனி வராது. காண்டோர் பள்ளத்துக்கு மட்டும் அதன் பறவை திரும்பக் கிடைத்தது. அதற்கு ஈடாக நாம் கொடுப்பது ஒரு வார நாள் விடுப்பும் கொஞ்சம் முன்யோசனையும்.

நடக்கும் பாதையில்தான் பேச்சு முற்றியது. அத்தானுக்கு உச்சிப் பாறைகளுக்கே போய், இரும்புக் கைப்பிடியைப் பிடித்து ஏற வேண்டும். கரடிப் பள்ளத்தில் தொடங்கி உச்சியைச் சுற்றி வருவது 6.7 மைல், ஏற்றம் கடுமை.

"மாமா, உங்க முட்டி?"

"முட்டிக்கு என்ன? குற்றாலத்துல செண்பகாதேவிக்கு ஏறினவன் நான்."

"அது எப்ப?" என்று அக்கா கேட்டதும் அவர் பதில் சொல்லவில்லை. கடைசியில் இப்படி முடிவாயிற்று: காலையில் வெயிலுக்கு முன் குகையின் கீழ்ப்பாதி, அங்கிருந்து நீர்த்தேக்கம், சுற்றி வந்தால் இரண்டு மைலுக்குச் சற்று மேல். பிறகு காண்டோர் பள்ளத்துப் பாதையில் ஒரு மைல் ஏறினால் வரும் பார்வை மேடை. அத்தானுக்கு முடிந்தால் அதற்கு மேல். அக்காவோடு நான் மேடையிலேயே இருந்துவிடுவேன். சாயங்காலம் கூடார முகாமுக்குத் தென்கிழக்கே உள்ள மலை விளிம்பைப் பார்த்து உட்கார்ந்திருப்பது. காலையிலும் மாலையிலும் காண்டோர்கள் சுற்றும் இடங்களில் அது ஒன்று. வான்கோழிக் கழுகு என்ற சின்ன வகையும் அங்கே நிறையப் பறக்கும், ஏமாந்துவிடக் கூடாது. அது சிறகை மேல்நோக்கி வளைத்துத் தள்ளாடும். காண்டோர் பலகை போல ஆடாமல் போகும். சிறகின் அடியில் முன்பக்கமாக வெள்ளை முக்கோணம் இருக்கும். எண் அட்டைகளின் பட்டியலைத் தாளில் அச்செடுத்துத் தரச் சொன்னார் அத்தான். அங்கே போனில் சிக்னல் கிடைக்காது என்பதால் மகளும் எடுத்துக் கொடுத்தாள்.

சாப்பாடு விஷயத்தை மகள் அக்காவிடம் தனியாக எடுத்துச் சொன்னாள். காண்டோர் குஞ்சுகளுக்கு எலும்புத் துணுக்கு தேவை. தாய்ப்பறவை அதைத் தேடும்போது பாட்டில் மூடி, கண்ணாடிச் சில்லு, பளபளக்கும் தாள் எதையும் எலும்பென்று எடுத்துப்போய் ஊட்டிவிடும். அப்படி வயிறு அடைத்துச் செத்த குஞ்சுகள் உண்டு. அதனால் அலுமினியத் தாள் வேண்டாம், சின்னப் பொட்டலம் எதுவும் வேண்டாம்.

"எவர்சில்வர் டப்பா போதும்லா?" என்றாள் அக்கா. பெட்டியிலிருந்து ஊரிலிருந்து கொண்டுவந்த அடுக்குத் தூக்கை எடுத்துக் காட்டினாள். அத்தானின் பாக்குப் பொட்டலங்களை எல்லாம் கத்தரித்து ஒரு சின்ன டப்பாவில் கொட்டி மூடினாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

எல்லாம் முடிந்ததென்று மகள் மடிக்கணினியை மூடப் போனாள். மே முதல் வாரம், வார நாள், காலை ஐந்தரைக்குப் புறப்பாடு.

"பொறு பாப்பா" என்றார் அத்தான். "அந்த இன்னொரு பாதி இருக்குல்லா, நீனாக்? அதை எப்ப போய்ப் பாக்கது?"

மகள் மறுபடி திறந்தாள். ஆண்டிலோப் பள்ளத்தாக்கின் மேற்கோரம், இங்கிருந்து நாலு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். பக்கத்திலேயே பாப்பிப் பூக்களுக்கென்று ஒரு காப்பகம் இருக்கிறது. மழை நன்றாகப் பெய்த ஆண்டில் மார்ச்சிலிருந்து ஏப்ரல்வரை மலைச்சரிவு முழுக்க ஆரஞ்சு நிறமாக இருக்கும். இந்த வருஷம் அது முடிந்துவிட்டது.

"அப்ப அடுத்த வருஷம் மார்ச்சுக் கடைசில வந்துருதோம்" என்றார் அத்தான், அக்காவைக் கேட்காமலே. "தாளக் குடு, எழுதி வச்சுக்கிடுதேன். முதல்ல வாசல் எந்தப் பக்கம்னு பாரு."